கல்யாணத்தை நடத்திக் கொடுப்பவர்

(மதுரையில் கல்லூரி மாணவ, மாணவியரிடையே ஆற்றிய உரை)



"கல்யாண ஏற்பாட்டைத் தொழிலாக எடுத்து முன்னேறுவது எப்படி?" இதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தலைப்பைப் படித்ததும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் என் சொந்தக்காரர்களே சிரித்தார்கள். "ஊரார் வீட்டுக் கல்யாணத்துல உனக்கென்ன வேலை?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஊரார் வீட்டுக் கல்யாணத்தில் நமக்கென்ன வேலை? அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

இது நேற்று முளைத்த வேலை என்று நினைக்கிறீர்களா? அகநானூற்றில் 86ஆம் பாடல் ஒரு கல்யாணத்தைக் காட்டுகிறது. பாடியவர் நல்லாவூர் கிழார். உளுந்து சேர்த்துச் சமைத்த சோறு, பெரிய பந்தல், தரையில் பரப்பிய புது மணல், ஏற்றிவைத்த விளக்கு, தொங்கவிட்ட மாலை, பொழுது விடிகிற நல்ல நேரம். தமிழாசிரியர்கள் இந்தப் பாட்டை நடத்தும்போது தாலியும் தீவலமும் இல்லாத கல்யாணம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். தொழில் புத்தியோ என்னவோ, என் கண்ணில் படுவது வேறு. அந்தப் பந்தலில் சில முதிய பெண்கள் தலையில் குடமும் கையில் அகன்ற பாத்திரமுமாக, சத்தமும் ஆரவாரமுமாக நிற்கிறார்கள். மணமகளை நீராட்டுவது வேறு நான்கு பெண்கள். அப்படியானால் இந்த முதியவர்களுக்கு என்ன வேலை? முதலில் கொடுக்க வேண்டியதை முதலில், அடுத்துக் கொடுக்க வேண்டியதை அடுத்து, வரிசை பிசகாமல் எடுத்துக் கொடுப்பது. சங்க காலத்திலேயே அதற்கென்று ஆட்கள் இருந்திருக்கிறார்கள்!

அந்தப் பெண்களின் இடத்தில் பிற்காலத்தில் யார் இருந்தார்கள்? அத்தை இருந்தார். பெரியம்மா இருந்தார். கொங்குநாட்டில் அருமைக்காரர் இருந்தார். எந்தச் சீருக்குப் பின் எந்தச் சீர் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வீட்டுக்கு வீடு ஒரு சித்தப்பா இருந்தார். பத்து நாள் முன்பே பையோடு வந்து இறங்குவார். ஸ்டோர் ரூம் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். தேங்காய் எத்தனை வந்தது, எத்தனை உடைந்தது, எத்தனை மிச்சம் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அந்தச் சித்தப்பா இப்போது எங்கே? பெங்களூரில் இருக்கிறார். இரண்டு நாள்தான் லீவு கிடைத்திருக்கிறது. அத்தைக்கு மூட்டுவலி. மாப்பிள்ளை டல்லாஸிலிருந்து மூன்று வாரத்துக்கு வருகிறார். வாசலில் பந்தல் போட்டு நடந்த கல்யாணம் மண்டபத்துக்குப் போய்விட்டது. மண்டபக்காரர் இடம் தருவார். சமையல் காண்ட்ராக்டர் சாப்பாடு தருவார். டெக்கரேஷன்காரர் மேடை தருவார். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கும் அந்த இடுக்கு இருக்கிறதே, அதற்கு யார் பொறுப்பு?

பெண்ணைப் பெற்றவர் பொறுப்பு. வேறு யார்? அவர் மணமேடையில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருப்பார். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பார். இடுப்பில் செருகிய போன் அடிக்கும். "சார், தண்ணி கேன் வந்திருக்கு, எங்க இறக்கட்டும்?" வைத்துவிடுவார். மறுபடியும் அடிக்கும். "அண்ணே, மாப்பிள்ளை வீட்டு பஸ் டிரைவர் பேட்டா கேக்குறாரு, யார் குடுப்பா?" மகளின் கல்யாணம் கண் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது, மனிதர் தண்ணீர் கேனை எங்கே இறக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். மாணவர்களே, அந்த போனை நாம் வாங்கிக்கொள்கிறோம். அதுதான் இந்தத் தொழில். பூவும் விளக்கும் மேடையும் விற்க ஊரில் ஆயிரம் பேர் உண்டு. பெற்றவர் நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் நமக்குக் கூலி.

சரி, அந்த போனை வாங்கிக்கொண்டவர் என்ன செய்ய வேண்டும்? ஒரு கல்யாணத்தை உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டுகிறேன்.

பெரும்பாலான மண்டபங்கள் முதல் நாள் மத்தியானம் மூன்று மணிக்குக் கைக்கு வரும். மறுநாள் மூன்று மணிக்குக் காலி செய்ய வேண்டும். மூன்று மணிக்கு உள்ளே நுழைந்ததும் முதல் வேலை என்ன? வாழைமரம் கட்டுவதா? பன்னீர்ச் சொம்பு வைப்பதா? கரண்ட் மீட்டரைப் படம் எடுப்பது! பல மண்டபங்களில் வாடகை வேறு, கரண்ட் வேறு. யூனிட் கணக்குப் போட்டுத்தான் பில் தருவார்கள். மேனேஜரைப் பக்கத்தில் நிறுத்தி, மீட்டரைப் படம் எடுத்து, ரீடிங்கை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்து ஜெனரேட்டரில் டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து மணமகள் அறையின் பாத்ரூம். குழாயைத் திறந்து பாருங்கள், தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். பாத்திர எண்ணிக்கையைச் சரிபார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காணாமல் போன கரண்டிக்கும் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும். கடைசியாக ஸ்டோர் ரூம். பூட்டுக்கு ஒரு சாவி, சாவிக்கு ஓர் ஆள். இரண்டு பேர் கையில் சாவி இருந்தால் பொறுப்பு யார் கையிலும் இல்லை என்று அர்த்தம்.

மறுநாள் முகூர்த்தம் 7.30 முதல் 9 மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூறைப்புடவையைத் தட்டில் வைத்துக் கொடுத்ததும் பெண் உடை மாற்றப் போகிறாள். பத்து நிமிடத்தில் வந்துவிடுவாள் என்று ஐயரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் நடக்கிற காரியமா அது? புதுப் பட்டு விறைப்பாக நிற்கும். மடிப்பு படியாது. பின் குத்த வேண்டும், ஒட்டியாணம் மாட்ட வேண்டும், ஜடையில் பூவை மாற்ற வேண்டும். இதற்குள் போட்டோகிராபர் கதவைத் தட்டி "கண்ணாடி முன்னாடி ஒரே ஒரு ஷாட்" என்பார். அந்த ஒரே ஒரு ஷாட் ஏழு ஷாட் ஆகும். மேடையிலிருந்து "பொண்ணைக் கூட்டிண்டு வாங்கோ" என்று மைக்கில் குரல் வரும். மணி 8.35. ஐயர் முகம் மாறும். மாப்பிள்ளையின் தாத்தா வாட்சைப் பார்ப்பார்.

இதை எப்படித் தடுப்பது? அழகுக்கலைப் பெண்ணோடு முதல் நாளே உட்கார்ந்து, எத்தனை நிமிடம் என்று கேட்டு, அதோடு பத்து நிமிடம் கூட்டி, ஐயரிடம் அந்தக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். போட்டோகிராபரிடம், "கண்ணாடிப் படம் ஐந்தரை மணிக்கே எடுத்துக்கொள்ளுங்கள், கூறைப்புடவை நேரத்தில் அறைக்குள் வரக்கூடாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கெட்டிமேளம் கொட்ட வேண்டியவர்கள் அந்த நேரத்தில் கீழே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்? அவர்களுக்கு ஆறரை மணிக்கே இலை போட்டுவிட வேண்டும். நாதஸ்வரக்காரர், போட்டோகிராபர், டிரைவர், கூட்டிப் பெருக்கும் அம்மா, இவர்களுடைய சாப்பாடு உங்கள் அட்டவணையில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பல கல்யாணங்களில் இருப்பதில்லை. கடைசிப் பந்தியில் ரசமும் மோரும்தான் இவர்களுக்கு மிஞ்சுகிறது. என் தீர்ப்பில் அந்தக் கல்யாணம் தோற்ற கல்யாணம், மேடை எவ்வளவு ஜொலித்தாலும் சரி.

இதெல்லாம் ஒரே மாதிரிக் கல்யாணத்துக்கு. தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணமும் ஒரே மாதிரியா நடக்கிறது? நகரத்தார் வீடு என்றால் அவரவர் குலக்கோயிலிலிருந்து மாலை வந்து சேர வேண்டும். கழுத்துரு என்னும் தாலியை எப்போது பூட்டுவது என்பதற்கு முறை உண்டு. சீர்திருத்தத் திருமணம் என்றால் தலைவர் பேச்சுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். பேச்சு ஒரு மணி நேரம் நீளும் என்று தெரிந்தே ஒதுக்க வேண்டும். புரோகிதர் இல்லாமல், உற்றார் முன்னிலையில், புரிகிற மொழியில் உறுதி சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினால் அது செல்லும் என்று 1967இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, நம் சட்டமன்றம் சட்டம் செய்தது. தேவாலயக் கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஓலை வாசித்திருக்க வேண்டும். தவக்காலத்தில் கேட்டால் பாதிரியார் தேதி தரமாட்டார். இஸ்லாமியர் வீடு என்றால் ஜமாஅத் பதிவேடு, மஹர், சாட்சிகள், பிறகு வலிமா விருந்து. இவற்றில் ஒன்று தெரிந்தால் போதும் என்பவருக்கு ஒரு சமூகத்தின் கல்யாணம்தான் கிடைக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யாரைக் கேட்பது? கூகுளைக் கேட்காதீர்கள். அந்த வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள்.

பாட்டியிடம் இன்னொன்றும் கேளுங்கள். இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரமாட்டார்கள் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். முதல் சந்திப்பில் எல்லோரும் என்ன கேட்கிறார்கள்? "பட்ஜெட் எவ்வளவு? கலர் தீம் என்ன?" நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் வீட்டில் யார் யாருக்கு நடுவே பேச்சுவார்த்தை இல்லை?"

கேட்டதும் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவார்கள். பிறகு கொட்டுவார்கள். தேனிப் பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணுக்குத் தாய்மாமன் இரண்டு பேர். நிலத் தகராறு, பல வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முறை மாலை யார் போடுவது? பட்டம் யார் கட்டுவது? மூத்தவர் கட்டினால் இளையவர் எழுந்து போய்விடுவார். இளையவரை அழைத்தால் மூத்தவர் மண்டபத்துக்கே வரமாட்டார். பெண்ணின் அம்மா எங்கள் எதிரில் உட்கார்ந்து அழுதார். நாங்கள் என்ன செய்தோம்? முதல் நாள் சாயங்காலச் சீர்வரிசை ஊர்வலத்தை இளையவர் பெயரில் வைத்தோம். அவர் தலைமையில் தட்டுகள் வந்தன, அவருக்குத் தனி மாலை, மைக்கில் அவர் பெயர். மறுநாள் காலைப் பட்டம் மூத்தவருக்கு. இருவரும் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டிய அவசியமே வராதபடி அட்டவணை போட்டோம். சாப்பாட்டுக்கூடத்தில் எதிரெதிராக வந்துவிட்டார்கள். அது எங்கள் அட்டவணையில் இல்லை. இளையவர் "சாப்டீங்களா?" என்று கேட்டார். மூத்தவர் "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த "ம்" போதும் என்று பெண்ணின் அம்மா சொன்னார்.

இந்த விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். ஒரு வீட்டின் சண்டை உங்கள் வாயிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டால், உங்கள் தொழில் அன்றோடு முடிந்தது.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். அலங்காரத்தைப் பார்த்து ஒரு நாள் பேசுவார்கள். சாம்பாரைப் பற்றிப் பத்து வருடம் பேசுவார்கள். எத்தனை பேருக்குச் சமைப்பது? பத்திரிகை எத்தனை அடித்தார்கள் என்று பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். முகூர்த்தம் வேலை நாளா, ஞாயிற்றுக்கிழமையா? வளர்பிறையா, தேய்பிறையா? அதே நாளில் அதே ஊரில் வேறு எத்தனை கல்யாணம்? பெரிய வளர்பிறை முகூர்த்தத்தில் குடும்பம் இரண்டாகப் பிரியும். கணவர் ஒரு கல்யாணத்துக்கு, மனைவி இன்னொரு கல்யாணத்துக்கு. பத்திரிகை ஒன்று போன வீட்டிலிருந்து நான்கு பேர் வர வேண்டிய இடத்தில் ஒருவர் வருவார். இதைக் கணக்கில் எடுக்காதவர் அண்டா அண்டாவாகச் சோற்றைக் கொட்டுவார்.

காண்ட்ராக்ட் இலைக் கணக்கில் நடக்கிறது. எத்தனை இலை விழுந்ததோ அத்தனைக்குப் பணம். கணக்கெடுப்பது யார்? வீட்டுக்காரர் மேடையில் இருப்பார். காண்ட்ராக்டர் சொன்னதுதான் கணக்கு. நாங்கள் பந்திக்கு ஒரு பெண்ணை நோட்டோடு நிறுத்துவோம். பந்தி உட்கார்ந்ததும் வரிசை வரிசையாக எண்ணி, பரிமாறும் மேஸ்திரியிடம் அந்தப் பந்திக்கு அப்போதே கையெழுத்து வாங்கிவிடுவாள். ஒரு கல்யாணத்தில் காண்ட்ராக்டர் சொன்ன கணக்குக்கும் அவள் நோட்டுக்கும் ஐம்பது இலைக்கு மேல் வித்தியாசம். சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. நோட்டை மேஜையில் வைத்தாள். அவர் தன் ஆள் போட்ட கையெழுத்துகளைப் பார்த்தார். கணக்கு சரியாகிவிட்டது. அந்தக் காண்ட்ராக்டர் இன்றும் எங்களோடு வேலை செய்கிறார். நோட்டு இருந்தால் சிநேகம் கெடாது.

இப்போது பணம். உங்களில் பல பேர் இதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

இந்தத் தொழிலில் கூலி மூன்று வழியில் வருகிறது. மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்வது. செலவில் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொள்வது. மூன்றாவது, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பூக்காரரிடம் ஒரு பங்கு, மண்டபத்தில் ஒரு பங்கு, சமையலில் ஒரு பங்கு என்று கமிஷன் எடுப்பது. மூன்றாவது வழியில்தான் சீக்கிரம் காசு சேரும். சேரட்டுமே, யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறீர்களா? சமையல்காரரிடம் கமிஷன் வாங்கியவர், சாம்பார் தண்ணீராக இருந்தால் அவரை ஏன் என்று கேட்க முடியுமா? பூக்காரரிடம் வாங்கியவர், வாடின மாலையைத் திருப்பி அனுப்ப முடியுமா? சதவீதக் கூலியும் எனக்குப் பிடிக்காது. செலவு ஏற ஏற நமக்கு லாபம் என்றால், செலவைக் குறைக்க நமக்கு எப்படி மனம் வரும்? ஒரே தொகை பேசுங்கள். அதை எழுத்தில் பேசுங்கள்.

தவணை எப்படி? பேசி முடித்த அன்று ஒரு பகுதி, கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன் ஒரு பகுதி, மீதி அத்தனையும் ரிசப்ஷனுக்கு முன்னால். கல்யாணம் முடிந்து வாங்கிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாக விட்டீர்களோ, போயிற்று. "மறுவீடு முடியட்டும்" என்பார்கள். மறுவீடு முடிந்தால் "ஆடிச் சீர் வருது" என்பார்கள். அடுத்தது தலை தீபாவளி. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கல்யாணம் செய்த வீட்டில் காசு இருக்காது, அவ்வளவுதான். பூக்காரருக்கும் பந்தல்காரருக்கும் உங்கள் கைப்பணத்தைப் போட்டுக் கொடுக்காதீர்கள். வீட்டுக்காரர் பணம் தனிக் கணக்கு, உங்கள் பணம் தனிக் கணக்கு. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். தாண்டும்வரை காத்திருக்காமல் முதல் வருடத்திலிருந்தே ரசீது போட்டுப் பழகுங்கள்.

இரண்டு பொருளை மட்டும் தொடாதீர்கள். நகைப்பெட்டியைத் தொடாதீர்கள். மொய்ப் பணத்தைத் தொடாதீர்கள். "நீங்க நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி, எண்ணிக் குடுங்க" என்று கெஞ்சினாலும் தொடாதீர்கள். மொய் மேஜையில் இரண்டு பக்கத்து உறவினரும் உட்காரட்டும். நீங்கள் நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுங்கள்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததே, அப்போது இந்தத் தொழில் ஒரு பாடம் படித்தது. கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றார்கள். ஆயிரம் பேருக்குப் பேசிய மண்டபம், ஆயிரம் இலைக்குப் பேசிய சமையல், கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் என்ன ஆவது? ஒப்பந்தம் எழுதாதவர்கள் ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் போய் நின்றார்கள். தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும், நின்றே போனால் என்ன ஆகும் என்று இரண்டு வரி எழுதி வைத்தவர்கள் போன் பேச்சிலேயே முடித்துக்கொண்டார்கள். கல்யாணம் பேசும் இடத்தில் "நின்றுபோனால்" என்று அபசகுனமாகப் பேசலாமா என்று தயங்காதீர்கள். வாயால் சொல்ல வேண்டாம். தாளில் எழுதிவிடுங்கள்.

சட்டம் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பிளாஸ்டிக் இலை, பிளாஸ்டிக் கப் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. சமையல் காண்ட்ராக்டரிடம் உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். டிரோன் பறக்கவிடும் முன் அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பாருங்கள். விமான நிலையத்தை ஒட்டிய மண்டபம் என்றால் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. பாட்டுப் போடுவதற்கு உரிமத் தொகை கேட்டு மண்டபத்துக்குக் கடிதம் வரும். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு இருக்கிறது. மத்திய அரசும் 2023 ஜூலையில் ஓர் அறிவிப்பில் அதை நினைவூட்டியது. ஆனாலும் வழக்குகள் நடக்கின்றன. கடிதம் வந்தால் வக்கீலிடம் காட்டிவிட்டுப் பதில் எழுதுங்கள். திருமணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். 2009ஆம் ஆண்டுச் சட்டம் அது. தேனிலவு முடிந்து மாப்பிள்ளை டல்லாஸுக்குக் கிளம்பும்போதுதான் பெண்ணின் விசாவுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று இவர்களுக்கு ஞாபகம் வரும். கல்யாணத்தன்றே சாட்சிகளின் அடையாள அட்டை நகலை வாங்கி வைத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்ல மாட்டேன். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இல் வந்தது. அது பெற்றோரை மட்டுமா தண்டிக்கிறது? அந்தத் திருமணத்தை நடத்துபவர், ஏற்பாடு செய்பவர், துணைபோகிறவர் எல்லோரையும் தண்டிக்கிறது. இரண்டு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஏற்பாடு செய்பவர் யார்? நாம்தான்! ஆகவே அட்வான்ஸ் வாங்கும் முன் பிறந்த தேதிச் சான்று கேளுங்கள். தயங்கினால், மழுப்பினால், அட்வான்ஸ் வாங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் செய்யுங்கள். ஒரு ஆர்டர் போகும். போகட்டும்.

"எல்லாம் சரி, ஆடி மாதம் சோறு?" என்று கேட்பீர்கள். ஆடி, மார்கழியில் இந்து வீடுகளில் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் பெரும்பாலும் இல்லை. அப்போது என்ன செய்வது? திருக்கடையூருக்குப் போய்ப் பாருங்கள். அமிர்தகடேஸ்வரர், அபிராமி சந்நிதி. மார்க்கண்டேயனுக்காக எமனைத் தடுத்த தலம் என்பது நம்பிக்கை. 60 நிறைந்தவர்கள் மணிவிழாவுக்கும், 70 ஆனவர்கள் பீமரத சாந்திக்கும், 80 கடந்தவர்கள் சதாபிஷேகத்துக்கும் வருகிறார்கள். பிறந்த மாதம், பிறந்த நட்சத்திரம் பார்த்துச் செய்வதால் ஆடியில் பிறந்தவருக்கு ஆடியிலேயே வரும், மார்கழியில் பிறந்தவருக்கு மார்கழியிலேயே வரும். பிள்ளைகள் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அப்பா, அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக, தங்க இடம் பார்க்க, கலசம், சாப்பாடு ஏற்பாடு செய்ய அங்கே ஆள் வேண்டும். ஆனால் ஒன்று, அங்கே விருந்தாளிகளுக்கும் எழுபது வயது. மாடிப்படி இல்லாத அறை, நாற்காலி, மதிய மாத்திரைக்கு முன் சாப்பாடு, இவற்றை யோசிப்பவருக்குத்தான் அந்த வேலை. வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாம் இதே கைக்கு வரும் வேலைகள்தான்.

தொடங்குவதற்கு முதல் எவ்வளவு வேண்டும்? ஆபீஸ் வேண்டாம், சரவிளக்கு வேண்டாம், ரீல்ஸ் எடுக்க ஆள் வேண்டாம். முதல் ஆறு மாதம் ஒரு சமையல் காண்ட்ராக்டரிடம் போய் நில்லுங்கள். அடுத்து ஒரு பந்தல்காரரிடம். விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போங்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் தை மாதப் பனியில் அந்த மல்லி கிலோ ஆயிரங்களுக்குப் போகும். அந்த மாதத்தில்தான் முகூர்த்தமும் குவியும். இது தெரியாமல் வைகாசி விலையில் தைக் கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டவர் பூவிலேயே முழுகிவிடுவார். மேடைக்கு வேறு பூ, பெண்ணின் தலைக்கு மட்டும் மல்லி என்று முன்பே பேசிவிட வேண்டும். இதையெல்லாம் மார்க்கெட்டில்தான் கற்றுக்கொள்ள முடியும்.

இன்றைய பிள்ளைகள் ஹல்தி கேட்கிறார்கள், சங்கீத் கேட்கிறார்கள், மாமல்லபுரத்தில் கடற்கரை மேடை கேட்கிறார்கள். கேட்கட்டும், வசதி இருந்தால் செய்யட்டும். எனக்கு அதில் கோபம் இல்லை. நலங்கு மஞ்சளுக்கு இந்தியில் பெயர் வைத்தால் விலை மூன்று மடங்கு ஆவதுதான் வேடிக்கை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் அப்பா வட்டிக்கு வாங்கித்தான் இதைச் செய்யப் போகிறார் என்று தெரிந்தால், அந்த இடத்தில் வாயைத் திறவுங்கள். மொத்தச் செலவையும் ஒரே தாளில் முதல் நாளே எழுதிக் காட்டுங்கள். எதை எதை எடுத்துவிட்டால் கல்யாணம் குறையாது என்று பக்கத்தில் டிக் அடித்துக் கொடுங்கள். எங்கள் அனுபவத்தில், செலவைக் குறைத்துக் கொடுத்த வீட்டிலிருந்துதான் அடுத்த கல்யாணம் வந்திருக்கிறது. கல்யாண மண்டபத்தின் மூன்றாவது வரிசையில், பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் அம்மா எப்போதும் உட்கார்ந்திருப்பார். உங்கள் விளம்பரம் மொத்தமும் அவருக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் சொந்தத்தில் ஆவணியில் எப்படியும் ஒரு கல்யாணம் இருக்கும். அதற்கு விருந்தாளியாகப் போகாதீர்கள். முதல் நாள் மூன்று மணிக்கே போங்கள். மண்டப மேனேஜரோடு மீட்டரைப் பாருங்கள், ஒரு பந்திக்கு இலை எண்ணுங்கள், கடைசிப் பந்தியில் யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். மறுநாள் கால் வலிக்கும். வலி போன பிறகும் இந்த வேலை வேண்டும் என்று தோன்றினால் என்னை வந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்கு எங்களுக்கு ஆள் தேவைப்படுகிறது. சம்பளம் உண்டு, முதல் பந்தியிலேயே சாப்பாடும் உண்டு.